சட்டம் அனுமதித்த சரக்கு

ஒரு சரக்கை விற்கச் சட்டம் இடந்தருகிறது, லைசென்சு உண்டு, வரியும் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறது. இவ்வளவும் இருந்தால் அந்த வியாபாரம் நேர்மையானதாகி விடுமா? வணிகர்களாகிய நாம் அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. இதற்கு அபினியின் சரித்திரம் நல்லதொரு பாடமாகும்.

19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் ஏலம் போன இந்திய அபினி கப்பலேறிச் சீனத்துக்கும் இந்நாடுகளுக்கும் சென்றது. அதன் பொருட்டு மூண்ட போர்களில் சீனம் இருமுறை தோற்றது. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசாங்க வருமானத்தில் சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி சண்டுவிலிருந்தே கிடைத்தது. மூட்டை சுமந்தவரும் ரிக்‌ஷா இழுத்தவரும் உடல்வலி மறக்கப் புகைத்த காசு அது. அனைத்தும் சட்டப்படியே நடந்தன.

1906-இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, இந்திய-சீன அபினி வாணிபம் தர்மத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தது. ஆனால், 'நாம் விற்காவிட்டால் வேறொருவர் விற்பாரே' என்ற பழைய வாதம் குறுக்கே நின்றது. அதற்கு விடையாக 1907-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா ஏற்றுமதியை ஆண்டுதோறும் பத்திலொரு பங்கு குறைப்பது, சீனமும் தன் நாட்டுப் பயிரைக் குறைப்பது என்பதே அது. 1909-இல் பிஷப் பிரென்ட் தலைமையில் ஷாங்காயில் 13 நாடுகள் கூடின. 1912-இல் ஹேக் நகரில் முதல் சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஆயினும், புகைக்கும் அபினியைப் 'படிப்படியாக' ஒழிப்பதென்றே அவ்வொப்பந்தம் கூறிற்று. கெடு எதுவும் வைக்கவில்லை. நீரிணைக் குடியேற்ற நாடுகளிலோ, குத்தகைக்காரர்களிடமிருந்த சண்டு வியாபாரத்தை 1910-இல் சர்க்காரே ஏற்று நடத்தலாயிற்று. 1925-இல் ஜெனீவா மகாநாட்டிலிருந்து அமெரிக்காவும் சீனமும் அதிருப்தியுடன் வெளியேறின. தூரக்கிழக்கில் தன் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் சண்டுவைத் தடுக்கப் போவதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது 1943-இல்தான். அபினிக்கு அடிமையானது குழாய் பிடித்தவர் மட்டுமா? கஜானாவும் அடிமையாகிக் கிடந்தது.

தனியொருவர் விலகினால் சந்தையில் ஒரு பெட்டியும் குறையாது என்பது மெய்தான். ஆகவே கூட்டு ஒப்பந்தம் அவசியம். ஆனால் ஒப்பந்தம் மிகவும் பின்தங்கி நடப்பவரின் வேகத்திலேயே நகரும். மனச்சாட்சி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் விற்பார் என்பது சந்தையின் நிலைமையைச் சொல்கிறது. நாம் விற்பதற்கு அது நியாயமாகாது. 'படிப்படியாக' என்ற சொல்லும் அப்படியே. விட நினைப்பவருக்கு அது வழி. விட மனமில்லாதவருக்கு அது மறைவிடம்.

இன்று நம் கடைகளில் அபினி இல்லை. எனினும், நம் பிள்ளை கையில் கொடுக்கத் தயங்கும் பொருளைப் பிறர் பிள்ளைக்கு நிறுத்துக் கொடுக்கிறோமா? கணக்கு முடிக்கும் வேளையில் லாபநஷ்டத்தோடு இதையும் ஒருமுறை பார்த்துக் கொள்வோமாக.