ஒற்றை டெண்டரைக் கேள்வி கேட்பது பாவமா?

ஓர் அரசு நிறுவனம் ஒரு கருவியை ஒரே ஒருவரிடம்தான் வாங்குவேன் என்கிறது. அல்லது அந்த ஒருவர் மட்டுமே நுழையும் அளவுக்கு டெண்டர் விதிகளை இழைத்து இழைத்துச் செதுக்குகிறது. அதை எதிர்த்து நிற்பது அறமா, வளர்ச்சிக்குப் போடும் முட்டுக்கட்டையா? அறம்தான். அஞ்செட்டி மலைக் கிராமங்களில் செல்போன் சிக்னலுக்காகக் காத்திருப்பவருக்கு இந்தப் பதில் கசக்கலாம். கசந்தாலும் பதில் மாறாது.

பாரத்நெட் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் 12,500க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் வழியே இணையம் கொடுக்க, தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் 2019 டிசம்பரில் டெண்டர் விட்டது. மதிப்பு ஏறத்தாழ 1,950 கோடி ரூபாய். 2020 ஏப்ரலில், நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, தகுதி விதிகள் மாற்றப்பட்டன. குறிப்பிட்ட சில நிறுவனங்களுக்குச் சாதகமாகவே இந்த மாற்றம் என்று அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. மாநில அரசு மறுத்தது. ஜூன் மாதம் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, விதிகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று சொல்லி, டெண்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாக விடும்படி உத்தரவிட்டது. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்த விதிகளே நிலைத்திருக்கும்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்து, அதை ஒட்டியே ‘தெரிந்து வினையாடல்’ என்று இன்னொன்றும் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல. ஆராயாமல் ஒருவரை நம்புவது தீராத துன்பம் தரும் என்பது அவர் முடிவு. டெண்டர் என்பதே அந்த ஆராய்ச்சிதான். பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்டான். இரண்டாவது வாயைக் கேட்கவில்லை. அவன் அவையில் நின்று வழக்குரைத்தவளைத் தமிழகம் தெய்வமாக்கிக் கும்பிட்டது. இன்று டெண்டரைக் கேள்வி கேட்பவருக்கோ ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்று பட்டம். அதிகாரிகள் அரசுப் பணத்தைச் சுருட்டும் வழிகளை கௌடில்யர் நாற்பது என்று எண்ணியே வைத்தார். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் கறாரானது: கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் நிற்கத் தகுதியற்றவர்.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது இவை எல்லாவற்றுக்கும் மேல். விளைந்த நெல்லைக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் அழிவதே அதிகம். அஞ்செட்டி, உரிகம் பக்கம் ராகி விதைத்தவர்களுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

மிதிபட்டது எவ்வளவு என்பதைச் சில நேரம் தற்செயலாகத்தான் அறிகிறோம். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து கொரோனா ரேபிட் கிட்டுகள் வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு விலை ஒன்று 600 ரூபாய். தமிழகமும் அதே கிட்டுக்கு அதே விலையில் ஆர்டர் கொடுத்திருந்தது. இறக்குமதியாளருக்கு ஆன அடக்க விலை 245 ரூபாய் என்பது எப்படித் தெரிந்தது? தணிக்கையிலா, சட்டமன்றத்திலா? இல்லை. யார் விற்பது என்று வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் சண்டையிட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனதால் தெரிந்தது. நீதிமன்றம் 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. அவசரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்கள்! தமிழகக் காவல்துறைக்கு டிஜிட்டல் வாக்கி டாக்கி வாங்கியபோதும் களத்தில் நின்றது ஒரே நிறுவனம்தான். அதில் குறைகளை எழுதி டிஜிபிக்குக் கடிதம் அனுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, உள்துறைச் செயலாளரே.

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறைகூட டிரில் பிட் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கும். முதலாளியின் சொந்தப் பணத்துக்கு இருக்கும் அக்கறை ஊர்ப் பணத்துக்கு இருக்கக் கூடாதா?

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு என்பார்கள். உண்மைதான். ரத்தான பாரத்நெட் டெண்டருக்குப் பிறகு, பணி தொடங்கியதே 2022 ஜூனில், கன்னியாகுமரி மாவட்டத்தில். அதுவரை மலை ஊர் ரேஷன் கடையில் கைரேகை மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. விற்பனையாளர் அதைத் தூக்கிக்கொண்டு மேடு தேடினார். வரிசை வெயிலில் நின்றது. ஆனால் இந்த இரண்டு ஆண்டைக் கேள்வி கேட்டவர் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? முதலிலேயே நேர்மையான விதிகளோடு டெண்டர் விட்டிருந்தால் ஒரு நாளும் வீணாகியிருக்காதே.

நீதிமன்றமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை இதுதான்: முடிவு சரியா என்று நீதிமன்றம் பார்க்காது, முடிவெடுத்த முறை சரியா என்றே பார்க்கும். அறம் கேட்பதும் அந்த முறையைத்தான். ஆனால் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 11ஆம் பிரிவில், மேல்முறையீட்டுக்கு 10 நாள் தருகிறது. தருவது டெண்டர் போட்டவருக்கு மட்டும். நாட்றாம்பாளையத்தில் சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுப்பவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அவருக்கு இருப்பது 10 ரூபாய் தகவல் உரிமை மனுவும் சென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றமும்தான். ஒரே நிறுவனத்திடம் வாங்கப் போகும் அலுவலகம், வேறு வழியில்லை என்பதற்கான காரணத்தையும் பேசிய விலையையும் ஆர்டரில் கையெழுத்திடும் முன்பே வெளியிட வேண்டும். அதே 10 நாளுக்குள் எந்தக் குடிமகனும் ஆட்சேபம் எழுப்ப அந்த 11ஆம் பிரிவைத் திருத்த வேண்டும்.