இலவசமாக வந்த வண்டியை ஏழைக்கு விற்கலாமா?

 



பழைய வண்டிகளைத் தர்மமாகப் பெற்று, பழுது பார்த்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தவணைக்குக் கொடுக்கலாம் என்று நம் மஹல்லாவில் ஒரு யோசனை வந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். இது புதிய வழி அல்ல. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1999-இல் தொடங்கப்பட்ட 'வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற தொண்டு அமைப்பு இதைத்தான் செய்கிறது. தானமாக வரும் கார்களைச் சீர்செய்து, உழைத்தும் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குக் குறைந்த தொகைக்குக் கொடுக்கிறார்கள். பஸ் போகாத இடத்தில் வேலை இருந்தால், வண்டி இல்லாதவருக்கு அந்த வேலையும் இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. அங்கே கார் என்றால், நமக்கு பைக், ஸ்கூட்டர், லோடு ஆட்டோ.

இதைக் கேட்டதும் நம்மில் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், நமக்குச் சும்மா வந்ததை ஏழைகிட்ட காசுக்கு விக்கிறது நியாயமா?" உங்களில் பலருடைய மனதிலும் இதே கேள்வி இருக்கும். எனக்கும் இருந்தது. என் எண்ணத்தை மாற்றியது நான் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் பழைய ஸ்கூட்டரை, யாராவது ஏழைக்குக் கொடுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்தார். நான் அதை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேனில் டீ விற்கும் ஒரு சகோதரருக்குக் கொடுத்து, துஆவும் செய்து அனுப்பினேன். சில மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது நடந்து வந்துகொண்டிருந்தார். விசாரித்தால், பிரேக் பிடிக்கவில்லை, இன்ஜினுக்குச் செலவு செய்தே கையிலிருந்ததும் போய்விட்டது என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா கொடுத்ததைக் குறை சொல்லலாமா ஹஜ்ரத்?" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால், மதரஸாவில் நான் ஓதிய ஃபிக்ஹுப் பாடம்தான் அது. விலை கொடுத்து வாங்கியவர், பொருளில் மறைந்திருந்த குறையைக் கண்டால் திருப்பிக் கொடுக்கலாம். 'கியாருல் ஐப்' என்ற அந்த உரிமையை ஷரீஅத் அவருக்குத் தந்திருக்கிறது. அன்பளிப்பு பெற்றவருக்கு அந்த உரிமை இல்லை. அப்படியானால், நியாயமான சிறு விலை ஏழையின் பணத்தைப் பறிப்பதாகாது. குறை சொல்லும் உரிமையை அது அவருக்குத் தருகிறது. அவர் நம் முன் கை ஏந்தி நிற்காமல், வாடிக்கையாளராக நிற்கிறார்.

நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் நிகழ்வை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்; அபூதாவூதில் அது பதிவாகியுள்ளது. அவர் வீட்டில் இருந்தவை ஒரு போர்வையும் ஒரு பாத்திரமும்தான். அந்தப் பழைய பொருள்களைப் பெருமானார் (ஸல்) அவர்களே தம் கையில் எடுத்து ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றில் குடும்பத்துக்கு உணவும், மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்து, அதற்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். 15 நாளில் அவர் 10 திர்ஹம் சம்பாதித்து வந்தார். கோடரியை அப்படியே கையில் கொடுக்காமல், பிடி போட்டு, வேலைக்கு ஆகும்படிச் செய்து கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நான் அந்த ஸ்கூட்டரைப் பிடி இல்லாத கோடரியாகக் கொடுத்துவிட்டேன்.

சகோதரர்களே! விற்பது கூடும் என்றால், நம் மீது சில பொறுப்புகளும் வருகின்றன.

முதலாவது, கொடுப்பவரின் நிய்யத். ஏழைக்கு இலவசமாகச் சேரட்டும் என்று தந்த வண்டியை நாம் விற்றால் அது அமானிதத்தில் மோசடி. நாம் வகீல் மட்டுமே. விற்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் பெற்றே வாங்க வேண்டும். ஜகாத்தாக வந்தால் அதை ஏழைக்கு விலையின்றிச் சொந்தமாக்கியே ஆக வேண்டும். இந்தத் திட்டத்தோடு அதைக் கலக்கக் கூடாது.

இரண்டாவது, கொடுக்கும் பொருள். கண்ணை மூடிக்கொண்டுதான் நாமே வாங்குவோம் என்ற மட்டமான பொருளைத் தர்மத்துக்குத் தேடாதீர்கள் என்று அல்லாஹ் சூரா பகராவின் 267-வது வசனத்தில் எச்சரிக்கிறான். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி நன்மையை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது, குறையைச் சொல்லுதல். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று கண்டித்தார்கள். எனவே மெக்கானிக் கண்ட குறைகளை எழுதி வாங்குபவர் கையில் கொடுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாற்றி, இன்சூரன்ஸ் போட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

நான்காவது, தவணை. மேரிலாந்தில் அது குறைந்த வட்டிக் கடன். நமக்கு வட்டி குறைந்தாலும் ஹராம்தான். தாமதத்துக்கு அபராதமும் கூடாது. கடனை எழுதி வைக்கச் சொன்ன அதே சூராதான், சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கவும் சொல்கிறது.

வண்டியில் கொடுத்தவர் பெயரை ஒட்டாதீர்கள். தெருவில் பார்க்கும்போது "நம்ம வண்டி எப்படி ஓடுது?" என்றும் கேட்காதீர்கள். விற்ற பிறகு அது நம் வண்டி அல்ல, அவருடையது. சொல்லிக் காட்டுதல் தர்மத்தைப் பாழாக்கிவிடும்.

சிறு தவணையும் கட்ட முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஜகாத்தும் பைத்துல்மாலும் இருக்கின்றன. இலவசமாகக் கொடுத்தாலும் பிரேக்கைச் சரிபார்த்தே கொடுப்போம். குறை சொல்ல வாய் திறக்க முடியாதவர் விஷயத்தில் நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

அந்த டீ விற்கும் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் மன்னித்துவிட்டார். அல்லாஹ்வும் மன்னிப்பானாக!

கொடுப்பவரையும் பெறுபவரையும் கண்ணியத்தோடு வாழவைத்து, நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையைத் தந்து, நம் தர்மங்களை வல்ல ரஹ்மான் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.