கொலை நடந்த பங்கு இல்லம்

தவக்காலம் ஐந்தாம் வாரம், திங்கள்
வாசகங்கள்: தானியேல் 13, யோவான் 8:1-11



இன்றைய முதல் வாசகத்துக்குச் சுருக்கமான வடிவம் ஒன்றும் உண்டு. முழுவதையும் வாசிக்கச் சொன்னது நான்தான். காலை வேலைக்குப் போகவேண்டியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு துப்பறியும் கதை. இதைப் பாதியில் வெட்டினால் கேட்டவருக்கு வீட்டில் வேலை ஓடாது.

பாபிலோனில் நாடுகடத்தப்பட்டு வாழும் யூதர்களின் சிறு சமூகம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வழக்கு பேசுவது யோவாக்கிமின் வீட்டில். அவருடைய மனைவி சூசன்னா. அந்த ஆண்டு நடுவர்களாக அமர்த்தப்பட்ட முதியவர்கள் இருவர் அவள்மேல் கண் வைக்கிறார்கள். அவள் இணங்காதபோது, 'தோட்டத்தில் ஓர் இளைஞனோடு பார்த்தோம்' என்று சாட்சி சொல்கிறார்கள். மறுநாளே தீர்ப்பாகிவிடுகிறது: சாவு. சொன்னவர்கள் பெரியவர்கள், அதுவும் நடுவர்கள். ஊருக்கு அது போதும். ஒருவராவது ஒரு கேள்வி கேட்டதாக வாசகத்தில் இல்லை.

கேட்டவன் ஒரு சிறுவன். கூட்டத்தை நிறுத்தி, அந்த இருவரையும் தனித்தனியே பிரித்துவைக்கச் சொல்லி, தானியேல் கேட்டது ஒரே கேள்வி: எந்த மரத்தடியில் பார்த்தீர்கள்? ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தை. வழக்கு முடிந்தது. இன்றைக்கும் காவல் நிலையத்தில் இரண்டு சாட்சிகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து விசாரிப்பதில்லை; முறை அதேதான். அடுத்த அதிகாரத்தையும் வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். பேல் என்ற தெய்வத்தின் கோவிலில் தரையெங்கும் சாம்பலைத் தூவிவைத்து, இரவில் வந்து படையலைத் தின்றவர்களின் காலடித் தடத்தைத் தானியேல் அரசனுக்குக் காட்டுகிறார். ஆங்கிலேயக் குருவானவர் ஒருவரின் மகளும் துப்பறியும் நாவலாசிரியையுமான டாரதி சேயர்ஸ், 1928இல் உலகத் துப்பறியும் கதைகளைத் தொகுத்தபோது இந்த இரண்டையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் பீடத்தில் நின்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சாம்பல் புதனன்று என்னிடம் கேட்டார்: "சாமி, நான் மிஸ் மார்பிள் கதைகளை ஒண்ணொண்ணாப் படிச்சுக்கிட்டு வர்றேன். பாதியிலே நிக்குது. தவக்காலத்துலே கொலைக் கதை படிக்கலாமா? இல்லே, ஒறுத்தலா விட்டுடவா?" உயிர்ப்புக்குப் பிறகு சொல்கிறேன் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தக் கதைகளை நானும் படித்திருக்கிறேன். அதனால் கேள்வியை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிஸ் மார்பிள் என்பவர் அகதா கிறிஸ்டி படைத்த பாத்திரம். மணமாகாத மூதாட்டி. பின்னல் வேலை, தோட்டம், தேநீர், பறவை பார்க்க ஒரு பைனாகுலர். அதில் பறவை மட்டும்தான் தெரியும் என்று ஊரில் யாரும் நம்புவதில்லை. 1927இல் ஒரு சிறுகதையில் வந்தவர், 1930இல் முதல் நாவலுக்கு வந்து, மொத்தம் 12 நாவல்களிலும் 20 சிறுகதைகளிலும் இடம்பெற்றார். இருப்பிடம் செயின்ட் மேரி மீட் என்ற கற்பனையான ஆங்கிலேயச் சிற்றூர். இந்த வகைக் கதையில் இரத்தம் வழியாது, கொடூர வர்ணனை கிடையாது. கொலை ஒரு பக்கத்தில் நடக்கும், அடுத்த பக்கத்தில் யாராவது தேநீர் ஊற்றுவார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்கத் தோதானவை.

1930இல் வந்த அந்த முதல் நாவலில் கொலை நடக்கும் இடம் பங்கு இல்லம். கதையைச் சொல்பவரும் பங்குக்குருதான். லியோனார்ட் கிளமென்ட் என்று பெயர். ஆங்கிலிக்கன் சபை என்பதால் மனைவியும் உண்டு. கதை மதியச் சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது. மாட்டிறைச்சியை நறுக்கிக்கொண்டே அவர் ஒரு வார்த்தை விடுகிறார்: அந்தக் கர்னல் புரோதெரோவை எவனாவது கொன்றால் உலகத்துக்கே உபகாரம். அடுத்த நாள் மாலை, கோவில் கணக்கைப் பார்க்க வந்த கர்னல், குருவின் மேசையிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். கோவில் கணக்கு பார்க்க வந்தவர் என்ற விவரத்தைக் குருக்களாகிய நாங்கள் சற்றுக் கூடுதல் கவனத்தோடு படிப்போம். அது வேறு விஷயம். கொன்றது யார் என்று சொல்லமாட்டேன். ஆசிரியை அந்தப் புத்தகத்துக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் அந்த ஊரின் தேநீர் மேசையைப் பற்றிச் சொல்லலாம். குருவின் வீட்டுக்கு வயதான பெண்கள் தேநீருக்கு வருகிறார்கள். யார் வீட்டில் யார் வந்து தங்கினார்கள், எந்தப் பெண் யாரோடு போனாள், எல்லாம் பேசப்படுகிறது. அவர்களிலேயே பொல்லாதவர் மிஸ் மார்பிள்தான் என்று குருவின் இளம் மனைவி கிரிசெல்டா நினைக்கிறாள். ஒரு வகையில் சரிதான். எல்லாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பவர் அவர். பெரும்பாலும் அப்படியே நடந்தும் விடுகிறது. அப்படியானால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

நம் திருச்சபையின் மறைக்கல்வி (2477) மூன்று பாவங்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்கிறது. போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றத்தை மனத்துக்குள் உறுதிசெய்வது ஒன்று. உண்மையாகவே உள்ள குறையைத் தக்க காரணமின்றி, அதை அறியாதவர்களிடம் போய்ச் சொல்வது இரண்டாவது. பொய்யைச் சொல்லிப் பிறர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. பொய் சொன்னால்தான் பாவம், உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய. 'உள்ளதைத்தானே சாமி சொன்னேன்' என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டாவதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 செப்டம்பரில், உலகமே முகக்கவசத்தோடு நின்ற வேளையில், புறங்கூறுவது கோவிட்டைவிட மோசமான கொள்ளைநோய் என்றார். மிகைப்படுத்துகிறார் என்று அப்போது நினைத்தவர்கள், தங்கள் தெருவின் வாட்சப் குழுவை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கட்டும்.

மிஸ் மார்பிள் இந்தப் பாவங்களிலிருந்து தப்பும் இடம் ஒன்று உண்டு. அந்த மேசையில் மற்றவர்களுக்குக் கேள்விப்பட்டதே தீர்ப்பு. மார்பிளுக்கு அது விசாரணையின் தொடக்கம். தான் நினைத்தது தவறாக இருக்கலாம் என்று கணக்கில் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்கிறார். 'தி மூவிங் ஃபிங்கர்' என்ற நாவலில் லிம்ஸ்டாக் என்ற சிற்றூருக்கு மொட்டைக் கடிதங்கள் வருகின்றன, வீடு வீடாக. ஊரே சொல்கிறது, நாமும் சொல்வதுதான்: நெருப்பில்லாமல் புகையாது. மார்பிள் மட்டும், இந்தப் புகையை யார் எதற்காகப் போடுகிறார்கள் என்று பார்க்கிறார். அவரை அந்த ஊருக்கு அழைத்துவந்தவர் அங்குள்ள குருவின் மனைவி என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பழிச்சொல்லை நிறுத்த வேறு வழியில்லாதபோது, உண்மையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போயிருக்கிறார். சூசன்னாவின் ஊரில் அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. ஆண்டவர் ஒரு சிறுவனைத் தட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

இதுவரைக்கும் ஆசிரியைக்கு என் பதில் எளிது: படியுங்கள் அம்மா, படித்தால் விசாரிக்கக் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் இந்தப் புத்தகங்கள் கையில் எடுத்தால் ஏன் இவ்வளவு சுகமாக இருக்கின்றன என்பதில்தான் சிக்கல்.

அந்தச் சுகத்தைப் பற்றிக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் ஒரு கட்டுரை எழுதினார். துப்பறியும் கதை தனக்குப் புகையிலைபோல, மதுபோல ஒரு பழக்கம் என்று ஒத்துக்கொண்டே எழுதியது. அவர் சொல்வதன் சாரம் இது. இந்தக் கதைகளுக்கு அமைதியான ஒரு நல்ல ஊர் வேண்டும், கிட்டத்தட்ட ஏதேன் தோட்டம். அங்கே கொலை நடந்தவுடன் எல்லார்மேலும் சந்தேகம் விழுகிறது. கடைசியில் ஒருவனைக் காட்டி 'இவன்தான்' என்றதும் மற்ற எல்லாரும் குற்றமற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள், படிக்கிறவர் உட்பட. மனத்தின் ஓரத்தில் குற்ற உணர்வு உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கதைகள் இவ்வளவு பிடிக்கின்றன என்கிறார் ஆடன். எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்தான், ஏனென்றால் சரியாகச் சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நம் குற்றத்தையும் அவன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு நாம் விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறோம்.

இப்போது நற்செய்திக்கு வாருங்கள். அங்கேயும் ஒரு பெண், சூசன்னாவைப்போல் நடுவில் நிறுத்தப்பட்டவள். ஆனால் இவள் குற்றமற்றவள் என்று யோவான் எங்கேயும் சொல்லவில்லை. விபசாரத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவள். துப்பறிவாளருக்கு இங்கே வேலையில்லை. இருந்தால் ஒரே கேள்விதான்: அந்த ஆண் எங்கே? மோசேயின் சட்டம் இருவரையும் அல்லவா சொல்கிறது? இயேசு அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. குனிந்து தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று நற்செய்தி சொல்லவில்லை. மிஸ் மார்பிள் அங்கே இருந்திருந்தால் முதலில் அதைத்தான் எட்டிப் பார்த்திருப்பார். பிறகு இயேசு நிமிர்ந்து, பாவம் இல்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்கிறார்.

ஆடன் சொன்ன சுகம் அங்கே உடைகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டாள், மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று இருந்த இடத்தில், சுற்றி நின்ற ஒவ்வொருவர்மேலும் விசாரணை திரும்புகிறது. முதலில் வெளியேறுகிறவர்கள் முதியோர். இன்று காலை முதல் வாசகத்தில் இரண்டு முதியவர்களைக் கேட்டுவிட்டு இதைக் கேட்கும்போது, திருவழிபாட்டில் இந்த இரண்டு வாசகங்களையும் ஒரே நாளில் வைத்தவரின் கைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அந்த இருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முதியவர்களாவது கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

துப்பறியும் இலக்கியத்திலேயே இதைப் புரிந்துகொண்ட ஒரு பாத்திரம் உண்டு, அவர் நம்மவர். ஜி. கே. செஸ்டர்டன் எழுதிய ஃபாதர் பிரௌன், கத்தோலிக்கக் குரு. 1911இல் முதல் தொகுதி வந்தது. செஸ்டர்டன் கத்தோலிக்கரானது அதற்குப் பிறகு, 1922இல். ஜான் ஓ'கானர் என்ற உண்மையான குரு ஒருவரை மனத்தில் வைத்து உருவாக்கிய பாத்திரம் அது. 1927இல் வந்த தொகுதியில் ஃபாதர் பிரௌனிடம், இத்தனை கொலைகளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் செய்தது நான்தான் என்கிறார். கேட்டவர்கள் திடுக்கிடுகிறார்கள். அவர் சொல்வது இதுதான்: கொலைகாரனை வெளியே நின்று பார்க்கமாட்டேன், அவனுக்குள் போய், இதை நானும் செய்திருப்பேன் என்று உணரும்வரை வெளியே வரமாட்டேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அதனால்தான் அவருடைய கதைகளில் திருடன் பிடிபடுவதோடு எல்லாம் முடிவதில்லை. ஃபிளாம்போ என்ற பெருந்திருடன் மனம் மாறி, அவருடைய நண்பனாகித் துப்பறிவாளனும் ஆகிறான்.

அகதா கிறிஸ்டியின் நாவல்களில் அந்த மனமாற்றத்தின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. குற்றவாளி போகிறான், தேநீர் வருகிறது. ஆனால் அந்த அம்மையாரை அதோடு விட்டுவிட முடியாது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சர்ஸ்டன் என்ற ஊரில் அவர் வழிபட்ட புனித மரியா ஆலயம் இருக்கிறது. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்குப் பணம் வேண்டி ஒரு கதையின் வருமானத்தை எழுதிக்கொடுத்தார். கொலைக் கதை விற்ற காசில் வந்த அந்தச் சன்னலின் நடுவில் நிற்பவர் நல்லாயன்.

நற்செய்தியின் கடைசி இரண்டு வசனங்களில் அந்த நல்லாயனும் அவளும் மட்டும் இருக்கிறார்கள். கல் எறிய உரிமை உள்ள ஒரே ஆள் அங்கே அவர்தான். 'நானும் உன்னைத் தீர்ப்பிடேன்' என்கிறார். 'போ, இனிப் பாவம் செய்யாதே' என்றும் சொல்கிறார். நடந்தது பாவம்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. அவளை அதற்குள் பூட்டிவைக்கவும் இல்லை. நாவலாசிரியர் முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் ஆண்டவர் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார். அவள் திரும்பிப்போவது அதே ஊருக்கு, அவளை இழுத்துவந்த அதே மனிதர்கள் இருக்கும் தெருவுக்கு. மறுநாள் கிணற்றடியில் அவளோடு யார் பேசியிருப்பார்கள்? அந்தக் கேள்விக்கு யோவான் பதில் எழுதவில்லை. பதில் நம் தெருவில் இருக்கிறது: சிறையிலிருந்து திரும்பிய பையன், ஓடிப்போய்த் திரும்பி வந்த பெண், அன்பியக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாத அந்த ஒரு குடும்பம். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணியிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் பங்கிலிருந்து இன்னும் இரண்டு குருக்கள் வருகிறார்கள். வரிசை நீளமாக இருக்கும். கையில் நாவலோடு வந்தாலும் தடையில்லை. முடிவை மட்டும் முன்னால் நிற்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.