இரவல் புகழ்

ஒருவரைப் புகழ்கிறோம். புகழும்போதே, "அசல் அவரைப் போலவே இருக்கிறது" என்று இன்னொருவரை நினைத்துக்கொள்கிறோம். அப்படியானால் அந்தப் புகழில் பாதி, நினைத்துக்கொள்ளப்பட்டவருக்குச் சேர வேண்டாமா?

கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் இசைத்தட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அவரைக் கேட்டவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அடேயப்பா, நாயனம் மாதிரியே பேசுதய்யா!" என்பதுதான்.

அவர் சாமானியக் கலைஞர் அல்லர். 1949-இல் தென் கன்னட மாவட்டத்தில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். நாகஸ்வரத்தில் விரல் துளையையே தொட்டு நிற்கிறது. விரலும் மூச்சும் இழைந்தால் கமகம் பிறக்கிறது. சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே உலோகச் சாவிகள். அந்தக் கருவியில் மாறுதல்கள் செய்து, பல ஆண்டு சாதகத்தால் அதை ராகம் பாட வைத்தார். மேல்நாட்டுக் குழலுக்குக் கர்நாடக சங்கீதம் எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் பிறகு தலையசைத்தார்கள். 1994-இல் 'டூயட்' படம் அந்த ஒலியைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டு வந்தது. 2004-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019-இல் மறைந்தார்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1940-களில் சார்லி பார்க்கர் என்ற நீக்ரோ இனத்துக் கலைஞர், இன்று கறுப்பின மக்கள் என்கிறோம், சாக்ஸபோனில் 'பீபாப்' என்ற புதிய ஜாஸ் வழியை வகுத்தபோது மூத்தவர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. இளைஞர்களோ அவருடைய இசைத்தட்டுகளையே பாடமாகக் கொண்டார்கள். அந்தப் பார்க்கரைப் போற்றி வளர்ந்தவர் ருத்ரேஷ் மகந்தப்பா; தென்னிந்தியப் பெற்றோரின் பிள்ளை, அமெரிக்காவில் வளர்ந்தவர். மாணவப் பருவத்தில் அண்ணன் வேடிக்கையாகக் கொடுத்த கோபால்நாத் இசைத்தட்டு அவரை உலுக்கிவிட்டது. 2008-இல் இருவரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'கின்ஸ்மென்'. உறவினர் என்று பொருள்.

அழகான பெயர். ஆனால் அந்த உறவுமுறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரே, நாயனக்காரர், அவர் எங்கே?

சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். காலையில் தோடி வாசித்துக்கொண்டிருந்தார். பந்தலில் மழை, திராட்சை விலை, பெண்ணின் நகை எல்லாம் பேசப்பட்டன. ராகம் நடுவில் இருக்கும்போதே யாரோ கையசைக்க, கெட்டிமேளத்துக்குத் தாவினார். மாலை வரவேற்பில் மதுரையிலிருந்து வந்த சாக்ஸபோன் கச்சேரி. மேடை, மெத்தை நாற்காலி, பொன்னாடை. அங்கேயும் தோடிதான். கூட்டம் மூச்சடக்கிக் கேட்டது. காலையில் வாசித்தவர் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வாத்தியத்தை உறையில் கட்டிக்கொண்டிருந்தார்.

இதில் சாக்ஸபோன்காரர் மேல் குற்றமில்லை. அரிய உழைப்புக்கு மரியாதை வேண்டியதே. புதுமையில் மனம் லயிப்பதும் இயல்புதான். ஆனால் புதுமைக்காக மட்டும் நாம் தலையசைக்கவில்லை. நாயனத்தின் குழைவு அதில் இருக்கிறது என்பதற்காகவே தலையசைத்தோம். சாயலுக்குச் சால்வை போர்த்திவிட்டு மூலத்தை வாசலில் நிறுத்துவது ரசனையாகுமா? நம் காது நாயனத்தை விரும்புகிறது. நம் மனம்தான் நாயனக்காரரின் பிறப்பையும் கூலியையும் பார்த்து அவருக்கு நாற்காலி போடத் தயங்குகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தம் தொழிலின் கௌரவத்துக்காக வாழ்நாளெல்லாம் தலைநிமிர்ந்து நின்றார். அவர் மறைந்தது 1956-இல். அவர் கேட்ட மரியாதை நம் ஊர்ப் பந்தல்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கோபால்நாத்தின் தட்டை இனியும் கேட்போம், மனமாரப் புகழ்வோம். அடுத்த முகூர்த்தத்தில் நாயனக்காரர் ராகத்தை முடிக்கும்வரை கையசைக்காமலும் இருப்போம். முடிந்ததும் அவர் பெயரைக் கேட்டு, முதல் பந்தியில் ஓர் இலை போடச் சொல்வோம்.