ஊர் விலைக்கு வருமோ?

நகரத்தின் இரைச்சலை விட்டு அகன்று, வயலும் சோலையும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் எஞ்சிய நாளைக் கழித்தல் வேண்டும் என்னும் விருப்பம் மாந்தர் பலர்க்கும் உண்டு. அவ்விருப்பத்தை ஒரு நாட்டின் பொதுக் கனவாகவே வளர்த்துக்கொண்டவர் ஆங்கிலேயர். இலண்டன் போன்ற மாநகரில் பொருளீட்டி, பின்னர் கார்ன்வால் கடற்கரையிலோ காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளிடையிலோ ஒரு கல்வீடு வாங்கிக் குடியேறுவது அங்கே வாழ்வின் நிறைவாகப் பலராலும் கருதப்படுகின்றது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின், இல்லத்தில் இருந்தவாறே அலுவல் பார்க்கும் வழக்கம் பரவவே, இளையோரும் அவ்வழியில் செல்லத் தலைப்பட்டனர்.

இதனை எளிய வாழ்வு என்று போற்றுவோர் உளர். யாம் ஈண்டு ஆராய விழைவது அதன் இனிமையை அன்று. அதனுள் மறைந்திருக்கும் ஓர் அறவினாவை. ஒருவர் எவரையும் ஏமாற்றவில்லை. தாம் நேர்மையாக ஈட்டிய பொருளைக் கொடுத்து, விற்க விரும்பியவரிடமே ஒரு வீட்டை வாங்குகின்றார். இவ்வாறு பலர் வாங்க வாங்க விலை ஏறுகின்றது. அவ்வூரிலேயே பிறந்து, அவ்வூரிலேயே உழைக்கும் ஒருவர், அங்கே குடியிருக்க இயலாமல் வெளியேற நேர்கின்றது. வாங்கியவர் அவரைக் கண்ணாலும் கண்டதில்லை. இங்கே குற்றம் உண்டோ? உண்டெனில் அது யாரைச் சாரும்?

அமைதி வந்த வழி

ஆங்கிலச் சிற்றூரின் அமைதி இயற்கையே ஈந்த கொடை என்று எண்ணுதல் பொருந்தாது. 1604 முதல் 1914 வரை அந்நாட்டு நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. ஊரார் பலரும் உரிமையோடு பயன்படுத்தி வந்த பொதுநிலமும் திறந்த வயல்களும், ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், தனியார் வேலிக்குள் அடைபட்டன. அஃது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. நிலமற்றோர் கூலிகளாயினர், தொழிற்சாலைகளும் அவர்களை ஈர்த்தன. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நகரங்களில் வாழ்வோர் தொகை நாட்டுப்புறத்தில் வாழ்வோர் தொகையை முதன்முறையாக விஞ்சியது. முதலில் ஏழையர் ஊரை நீங்கி நகரம் புகுந்தனர். பின்னர், நகரத்தில் செல்வம் சேர்த்தோர் ஊருக்குத் திரும்பினர். இப்பின்னவர் கண்டு மகிழ்ந்த அமைதியில், முன்னவர் விட்டுச்சென்ற வெறுமையும் ஒரு பங்கு கலந்திருந்தது.

இம்மாற்றத்தை அருகிருந்து கண்டு எழுதியவருள் ஒருவர் ஜார்ஜ் ஸ்டர்ட். சர்ரே மாவட்டத்து ஃபார்னம் நகரில் சிறிது காலம் ஆசிரியராக இருந்து, தந்தையார் மறைந்தபின் குடும்பத்தின் வண்டிச்சக்கரப் பட்டறையை நடத்தியவர். 1891-இல் அந்நகரை விட்டு, அருகிலிருந்த போர்ன் என்னும் ஊரில் குடியேறினார். ஆகவே அவரும் வந்தேறியே. ஜார்ஜ் போர்ன் என்னும் புனைபெயரில் 1912-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, ‘சிற்றூரில் மாற்றம்’ எனப் பொருள்படும். அவ்வூர்ப் பொதுநிலம் 1861-இல் அடைக்கப்பட்டது. அதற்கு முன் ஏழைக் குடும்பத்தார் அங்கே மாடு மேய்த்தனர். அடுப்பெரிக்கப் புல்கரணை வெட்டிக்கொண்டனர். கையில் காசு குறைவாயினும் வாழ்க்கை ஓடிற்று. நிலம் போனபின் அனைத்தையும் காசு கொடுத்தே வாங்க வேண்டியதாயிற்று. காசுக்கோ கூலி வேலையையே நம்ப வேண்டியதாயிற்று. விற்கப்பட்ட மனைகளில் நகரத்தாரின் மாளிகைகள் எழுந்தன. அம்மாளிகையோர், ஊராரின் பேச்சும் நடையும் முரடானவை என்று குறை கூறினர்.

ஸ்டர்ட் அவ்வாறு கூறவில்லை. தம் தோட்டத்தில் வேலை செய்த முதியவரின் பேச்சைப் பல்லாண்டு காலம் செவிகொடுத்துக் கேட்டுக் குறித்துவைத்தார். முரடு என்று பிறர் பழித்ததன் அடியில் ஒரு வாழ்க்கைமுறை சிதைந்து கிடப்பதை அவர் கண்டறிந்தார். குடியேறியவர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதற்கு அவரே சான்று.

இன்றைய நிலை

1947-ஆம் ஆண்டு நகர நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தின்படி, இசைவு பெறாமல் எவரும் தம் நிலத்திலும் வீடு கட்டலாகாது. வயல்வெளிகள் இன்றளவும் எஞ்சியிருப்பதற்கு இச்சட்டம் பெருந்துணை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிற்றூர்களில் புதிய வீடுகள் அருகின. 1980-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் குறைந்த வாடகைக்கு விட்டிருந்த வீடுகளை அவற்றில் குடியிருப்போரே வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. வாங்கியோர் பயன்பெற்றனர், அடுத்த தலைமுறைக்கு வாடகை வீடு குறைந்தது. 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரயில் நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. 1986 முதல், இலண்டனுக்கு வெளியே, வருவாய் தாராத பேருந்துத் தடங்கள் உள்ளாட்சியின் உதவித்தொகையை நம்பியே ஓடலாயின. கார் வைத்திருப்போர்க்கு இவையெல்லாம் பொருட்டல்ல. அஃது இல்லாத முதியவர்க்கும் இளைஞர்க்கும் இவையே வாழ்வு. முதியோரைப் பேணும் பணியாளும் பண்ணைத் தொழிலாளியும் தொலைவில் உள்ள நகரில் வாடகைக்கு இருந்துகொண்டு, தாம் பிறந்த ஊருக்கே வேலைக்கு வந்துபோகும் நிலை பல இடங்களில் உண்டு.

ஆண்டில் சில வாரங்கள் மட்டும் தங்கப் பிறிதொரு வீடு வாங்குவது இதனினும் கொடிது. கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரார் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தினர். புதிதாகக் கட்டப்படும் வீடுகளை நிலையாகக் குடியிருப்போர்க்கே விற்றல் வேண்டும் என்பதற்கு, வாக்களித்தோரில் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேல் இசைந்தனர். ஆயினும் அவ்விதி பழைய வீடுகளைத் தொடாது. 2025 ஏப்ரல் முதல், இத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இருமடங்கு வரை விதிக்க இங்கிலாந்தின் மன்றங்கள் அதிகாரம் பெற்றுள்ளன. செல்வர்க்கு அது செலுத்தக்கூடிய தொகையே. சட்டம் ஓரளவுதான் செல்லும். எஞ்சிய தொலைவை மனச்சான்றே நடத்தல் வேண்டும்.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. விற்பவர் யார்? பெரும்பாலும் அவ்வூராரே. முதுமையில் தம்மைப் பேணிக்கொள்ளப் பொருள் தேவைப்படும் ஒரு கைம்பெண், மிகுந்த விலை தருவோர்க்கு வீட்டை விற்றால் அவரைப் பழித்தல் தகுமோ? இடிந்த வீடுகள் பல, குடியேறியோர் பொருளால் நிமிர்ந்துள்ளன. இழுத்து மூடப்படவிருந்த கடைகளை ஊராரே கூட்டாக வாங்கி நடத்தும் இடங்களில், ஊதியமின்றி நின்று உழைப்போருள் ஓய்வுபெற்ற குடியேறிகளும் உளர். எல்லாவற்றினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு. ‘இவ்வூரில் பிறந்தார்க்கே இவ்வூர்’ என்று வரையறுப்போமாயின், நாளை அயலார் எவரையும் துரத்தும் கருவியாக அச்சொல் மாறிவிடும். பிறப்பால் உரிமை பேசுவது அறத்தின் வழியன்று.

இம்மறுப்புகளை யாம் மதிக்கின்றோம். ஆதலின், வீடு வாங்கியதே குற்றம் என்று யாம் கூறமாட்டோம். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்யாதவரிடமும் கடன் இருக்கக்கூடும். நம் கருத்து தீதற்றது என்பதனால் நம் செயலின் விளைவு மறைந்துவிடாது. பிறர்க்கு நேரும் இடரை அறியாமல் செய்த ஒருவர், அறிந்தபின்னும் அறியாதார் போல் இருப்பாராயின், அப்போதுதான் கடன் குற்றமாக மாறுகின்றது.

அக்கடனைத் தீர்ப்பது எங்ஙனம்? வாங்கிய வீட்டில் வாழ்தல் முதலாவது. ஊரின் கடையையும் பேருந்தையும் தாமும் பயன்படுத்தி அவற்றை நிலைபெறச் செய்தல் இரண்டாவது. ஊரின் ஒலியையும் மணத்தையும் பொறுத்தல் மூன்றாவது. சேவல் கூவுகின்றது, வயலில் எரு நாறுகின்றது, தேவாலய மணி இரவில் அடிக்கின்றது என்று முறையிட்டு, சிற்றோர் பலர்க்குப் பழகிய வாழ்வை முடக்குவோர் உளர். 2018-இல் திருத்தப்பட்ட அந்நாட்டுத் திட்டமிடற் கொள்கையே, முன்பே இருந்துவரும் தொழிலிடங்கள், வழிபாட்டிடங்கள் முதலியவற்றின்மீது, பின்னர் எழுந்த கட்டடங்களின் பொருட்டு முறையற்ற கட்டுப்பாடு விதித்தலாகாது என்கின்றது.

நான்காவதே உரைகல். வேறெவ்வீடும் கட்ட இசைவு கிடைக்காத ஊர் விளிம்பு நிலத்தில், உள்ளூர் எளியோர்க்கென மட்டும் சில வீடுகள் கட்டிக்கொள்ள அந்நாட்டு விதிகள் இடந்தருகின்றன. அத்தகைய பத்து வீடுகள் தம் சாளரத்துக்கு எதிரேயுள்ள வயலில் எழவிருக்கின்றன என்று அறிந்தால், குடியேறியவர் என்ன செய்வார்? ‘காட்சி கெடும்’ என்று மறுப்பு மனு எழுதுவாரா? ‘எமக்கு இடந்தந்த ஊர் இவர்க்கும் இடந்தரட்டும்’ என்று இசைவாரா? தாம் நுழைந்தபின் கதவை அடைப்பவர் விரும்புவது ஊரை அன்று, ஊரின் படத்தை. இவ்வொரு வினாவுக்கு அவர் அளிக்கும் விடையே அவர் உள்ளத்தைக் காட்டிவிடும்.

யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எமக்கு வலியுறுத்தப்பட்ட பாடம் ஒன்று உண்டு. புதிய ஊர்ப் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர், கற்பிக்கத் தொடங்குமுன் அவ்வூரைக் கற்றல் வேண்டும். எக்குழந்தை எத்தெருவிலிருந்து வருகின்றது, அறுவடைக் காலத்தில் யார் வரமாட்டார் என்பன அறியாதவர் கற்பிப்பது அவ்வூரில் வேர்கொள்ளாது என்பர். பல ஊர்களில் பணியாற்றிய பின் அதன் உண்மை எமக்கு விளங்கிற்று. குடியேறுவோர்க்கும் இதுவே பொருந்தும்.

வீட்டுக்கு விலை உண்டு; மனைக்கு விலை உண்டு; பத்திரம் எழுதி அவற்றைப் பெறலாம். அண்டை வீட்டார் என்னும் நிலைக்குப் பத்திரம் இல்லை. நாளும் செய்யும் சிறு கடமைகளால் மட்டுமே அது கைகூடும். அமைதியை நாடி எவ்வூர் செல்வோராயினும், அவ்வமைதிக்காக வேறெவர் தம் இடத்தை இழந்தார் என்று ஒருமுறை கேட்டறிந்து, அவர்க்கும் ஓர் இடம் அமையத் தம்மால் இயன்றது செய்வாராக. அவ்வாறு செய்பவர் எவ்வூரிலும் அயலார் ஆகார்.