நீரில் மலரும் கிழங்கு

பெங்களூர் வீடுகளில் சிலர், வெங்காயம் போன்ற நர்கீஸ் கிழங்கைக் கூழாங்கற்கள்மீது வைத்து, அதன் அடி மட்டும் தொடுமாறு நீர் வார்க்கின்றனர். மண்ணின்றியே சில வாரங்களில் அது மலர்கின்றது. அது உண்டது யாது? சென்ற பருவத்தில் இலைகள் உழைத்துச் சேமித்த உணவே. அங்கே ஆன்மாவுமில்லை, பிறப்பின் உயர்வுமில்லை. கிழங்கு, நீர், ஒளி என்னும் காரணங்கள் கூடின, மலர் தோன்றிற்று. பகவன் அருளிய சார்பிற்றோற்றம் இதுவே.

ஆயின் பூத்தபின் அக்கிழங்கு வற்றிவிடும். மறுமுறை பூத்தல் அரிது. 1956 அக்டோபர் 14இல் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்றார். அவருடைய உழைப்பின் சேமிப்பிலேயே நாம் இன்னும் பூத்திருப்போமாயின், நம் மக்களுக்கு எஞ்சுவது யாது? சாதியைத் துறந்தோம் என்ற நாம், திருமணத்தில் மட்டும் உட்பிரிவு தேடலாமா? பஞ்சசீலமே நமது மண். அதில் நாள்தோறும் வேரூன்றுவோமாக!