குற்றம் அமைப்பிலா, மனத்திலா?

வருங்காலத் தலைமுறையினருக்கு உரிய நிலத்தையும் நீரையும் நிலத்தடிச் செல்வத்தையும் இன்றைய தலைமுறையே உண்டு தீர்க்கிறது. இதற்கு யார் பொறுப்பு? இலாபம் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்ட முதலாளித்துவமே காரணம் என்பர் ஒரு சாரார். பேராசை மனித இயல்பு. எந்த அமைப்பை ஏற்படுத்தினாலும் மனிதன் இப்படித்தான் நடப்பான் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளையும் உரைத்துப் பார்க்கக் கோலார் தங்கவயலே தக்க உரைகல்.

1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமான லைன் வீடுகளில் வாழ்ந்தன. பாறை வெடிப்பில் பலர் மாண்டனர். கல்தூசியைச் சுவாசித்துப் பலர் நுரையீரல் நோய்க்கு இரையாயினர். இலாபமோ கடல் கடந்து பங்குதாரர்களைச் சேர்ந்தது. இதுவரை பார்த்தால், முதல் சாராரின் கூற்று முற்றிலும் உண்மை என்றே தோன்றும்.

ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது; 1962-இல் அவை மத்திய அரசின் வசமாயின; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் உருவாயிற்று. முதலாளி போய்விட்டார், பழைய வழக்கம் போகவில்லை. தோண்டுதல் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு மேடுகள் மேலும் உயர்ந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போயிற்று, மேடுகள் எஞ்சின. முதலாளிகளே இல்லாத சோவியத் நாட்டிலும் பருத்தி விளைச்சலுக்காக நதிகளைத் திருப்பி ஏரல் கடலை வற்றச் செய்தார்கள் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அப்படியானால் மனித இயல்பே குற்றவாளியா? அதுவும் முழு உண்மையன்று. பாறை சரிந்து தோழர்கள் உள்ளே சிக்கியபோது அவர்களை மீட்க அதே ஆழத்துக்கு இறங்கியவர்களும் மனிதர்களே. ஆசை மனித இயல்பு என்றால் தியாகமும் மனித இயல்பே. மேலும், தங்கவயலில் பயனை அடைந்தவர் ஒருவர். துன்பத்தை அடைந்தவர் வேறொருவர். 'எல்லாம் மனித இயல்பு' என்று சொல்வது இவ்விருவரையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகிறது.

இரு காலத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. முடிவு செய்தவர்கள் அந்த மேடுகளின் நிழலில் வாழவில்லை. முன்பு லண்டனில் இருந்தார்கள். பின்பு பெங்களூரிலும் தில்லியிலும் இருந்தார்கள். அனுபவிப்பவனுக்கும் அல்லல்படுபவனுக்கும் இடையே தொலைவு ஏற்பட்டுவிட்டால், பெரும் பேராசைகூடத் தேவையில்லை. சாதாரண ஆசையே போதும், நிலம் பாழாவதற்கு.

அந்தத் தொலைவில் நாமும் நிற்கிறோம். கோலார் 120 ஆண்டுகளில் தந்த தங்கம் ஏறக்குறைய 800 டன். இன்று நம் நாடு ஓரிரு ஆண்டுகளிலேயே அவ்வளவு தங்கத்தை இறக்குமதி செய்துவிடுகிறது. அது எந்த நாட்டு மண்ணைக் குடைந்து வந்தது, அங்கே யாருடைய மூச்சில் தூசி படிந்தது என்று நகைக்கடையில் நாம் கேட்பதில்லை.

திருவள்ளுவர் வெஃகாமையை இல்லறத்தானுக்கு வகுத்தார். கொடுங்கோன்மையின் தீமையை அரசனுக்கு எடுத்துரைத்தார். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. மனம் திருந்தட்டும் என்று சட்டம் காத்திருக்கலாகாது. சட்டம் வரட்டும் என்று மனமும் காத்திருக்கலாகாது.

2024-இல் கோலாரின் கழிவு மேடுகளிலிருந்தே மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. இம்முறையாவது அம்மேடுகளின் அருகில் வாழ்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். நிலத்தைச் சீர்செய்யும் செலவை முதற்கணக்கில் எழுத வேண்டும். இது அரசின் கடமை. அடுத்த திருமணத்துக்கு எத்தனை சவரன் என்று பேசும்போது, 'இவ்வளவு போதும்' என்று முதலில் சொல்வது நம் கடமை.